வன்னியில் ஒரு குடும்பம் தன் அயலை எப்படிக் கண்டடைகிறது?

"வவுனியாவில் தமிழர் ஒரு பக்கம், முஸ்லிம்கள் ஒரு பக்கம், சிங்களவர் ஒரு பக்கம், மலையகத்தில் இருந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம் என்று இருக்கிறார்கள். இது அவரவர் விரும்பித் தேடிக்கொண்டதா? ஒரு குடும்பம் தான் குடியிருக்கப்போகும் அயலை உண்மையில் எப்படித் தெரிவு செய்கிறது?" ஆய்வுக்காகத் தகவல் சேர்க்கும் மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று விரியும் வன்னியில், காணி அலுவலகங்களான காணிக் கந்தோர்களிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், தங்கச்சி. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நேரடிப் பதில். வன்னியில் பெரும்பாலான குடும்பங்கள் நாலு இடத்தைப் பார்த்து, ஒப்பிட்டு, "இதுதான் எங்களுக்குச் சரி" என்று வந்து இருக்கவில்லை. அவர்கள் காதுக்கு எட்டிய இடம் ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றிரண்டும் எவை என்பதைக் குளம், காணிப் பெர்மிற் (அரச காணியில் குடியிருந்து பயிர் செய்ய அரசாங்கம் கொடுக்கும் அனுமதிப் பத்திரம்), பிரஜாவுரிமை, அகதி முகாம், முன்னாலே வந்து குந்திய ஒரு மாமா அல்லது மச்சான் ஆகியவை தீர்மானித்தன. இனத்துக்கு இனம் வேறுபட்டது இந்த வழிதான். விருப்பத்தைப் பொறுத்தவரை எல்லோரும் கேட்டது ஒன்றையே: தண்ணீர் வேண்டும், பள்ளிக்கூடம் கிட்ட இருக்க வேண்டும், இரவில் பயமில்லாமல் படுக்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இனங்கள் தனித்தனியாக வாழ்வதை விளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு மாதிரி உண்டு. தோமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர் 1971இல் வெளியிட்டது. சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரண்டு நிறக் காய்களைக் கலந்து வைக்கிறோம். ஒவ்வொரு காயும், தன் பக்கத்துக் கட்டங்களில் மூன்றில் ஒரு பங்காவது தன் நிறமாக இருந்தால் போதும் என்கிறது. அவ்வளவு குறைந்த விருப்பத்தோடு நகர்த்திக்கொண்டே போனாலும் கடைசியில் பலகை இரண்டு நிறத் திட்டுகளாகப் பிரிந்துவிடும். அழகான கணக்கு. யாரிடமும் வெறுப்பு இல்லாமலே பிரிவு வரலாம் என்று காட்டுகிறது. ஆனால் அந்தக் காய்கள் விரும்பிய காலியிடத்துக்குப் போக முடிகிறது. வன்னியில் எந்தக் குடும்பத்துக்கு அப்படி முடிந்தது?

எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தெரிவது, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் மரியா கிறைசன் போன்ற சமூகவியலாளர்கள் செய்த ஆய்வு. நகரத்தில் உள்ள இடங்களின் பெயர்களைச் சொல்லி, எது எது உங்களுக்குத் தெரியும் என்று வெள்ளையர், கறுப்பர், லத்தீன் அமெரிக்க வழியினர் ஆகியோரிடம் கேட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தெரிந்த இடங்களும் தெரியாத இடங்களும் வேறு வேறாக இருந்தன. தெரியாத இடத்தை யாரும் வெறுத்து ஒதுக்கவில்லை. அது அவர்கள் நினைப்பிலேயே வரவில்லை. வீடு தேடும்போது உறவினர் சொன்னது, வேலைக்குப் போகும் வழியில் கண்டது என்ற சிறிய வட்டத்துக்குள்தான் தேடினார்கள். வன்னிக்கு இந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் பல விஷயம் துலங்கும்.

பழைய வன்னி ஊர்களில் தெரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு சிறு குளம், அதன் கீழே வயல், மேட்டில் சில குடும்பங்கள், எல்லோரும் உறவு. குளம் எத்தனை வயிற்றுக்குச் சோறு போடுமோ அத்தனை பேர்தான் அங்கே இருக்கலாம். வெளியாள் வந்து குடியேறுவது அரிது, மலேரியாவும் அதற்கு ஒரு காரணம். இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் தமிழில் எழுதும்போது பல தடவை விட்டுவிடும் விஷயம் இது. வவுனியாவின் தெற்கே மடுகந்தை பக்கத்துச் சிங்கள ஊர்களும் இதே மாதிரிப் பழைய குளத்து ஊர்கள்தான். எல்லாச் சிங்களக் கிராமத்தையும் குடியேற்றத் திட்டம் என்று எழுதிவிட்டால் ஆய்வு பிழைத்துவிடும். சூடுவெந்தபுலவு, சாளம்பைக்குளம் போன்ற முஸ்லிம் ஊர்களிலும் குளமும் வயலும்தான் வாழ்வு. வன்னி முஸ்லிம் என்றால் வியாபாரி என்ற நினைப்பு அந்த ஊர்களுக்குப் பொருந்தாது.

பெரிய மாற்றம் வந்தது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தோடு. முடிக்குரிய காணியைக் காணியில்லாதவர்களுக்குத் துண்டு துண்டாகப் பெர்மிற்றில் கொடுக்கும் வழியைத் திறந்தது அந்தச் சட்டம். இரணைமடுவின் கீழே கிளிநொச்சிக் குடியேற்றம் 1930களில் தொடங்கியது. 1950களிலும் 60களிலும் வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் என்று தூர்ந்து கிடந்த பெரிய குளங்களைத் திருத்தி யூனிற் யூனிற்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று கிளிநொச்சிக்கு எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஊர் விதானையார் சொன்னார், விண்ணப்பம் போட்டோம், காணி யாருக்கு என்று தெரிவு செய்யும் கூட்டமான காணிக் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள், துண்டு விழுந்தது என்றுதான் கதை போகும். ஒரே ஊரில் இருந்து ஒருவருக்குக் கிடைத்தால் அடுத்த தடவை அவருடைய தம்பிக்கும் சித்தப்பாவுக்கும் செய்தி போகும். அதனால்தான் சில வாய்க்கால் ஓரங்களில் தீவுப்பகுதி ஆட்களாகவும், வேறு சிலவற்றில் வடமராட்சி ஆட்களாகவும் கூடிக் கிடக்கிறது. ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி. யாழ்ப்பாணத்தில் சாதியின் பெயரால் காணியும் கிணறும் மறுக்கப்பட்ட பலருக்கு முதல் தடவையாகச் சொந்தமென்று ஒரு வளவு கிடைத்ததும் இந்தக் கொலனிகளில்தான். அந்த நன்மையை மறைக்கக்கூடாது.

1960களின் பிற்பகுதியில், படித்த இளைஞருக்குக் காணி கொடுக்கும் படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. 70களின் தொடக்கத்தில் அரசாங்கம் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் மிளகாயில் பணம் புரண்டது. மிளகாய்க்குக் கை வேண்டும். நட, கொத்த, தண்ணி கட்ட, பழம் பிடுங்க ஆள் வேண்டும். இந்த இடத்தில்தான் மலையகத் தமிழரின், அதாவது மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோரின், கதை வன்னிக்குள் நுழைகிறது. உங்கள் கேள்விக்கு முழுப் பதிலும் இந்தக் கதையில் இருப்பதால் இதில் கொஞ்சம் தங்கிப் பேசுகிறேன்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தது. 1972இலும் 75இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரச கைக்கு மாறின. 1973, 74இல் தோட்டங்களில் கொடிய பஞ்சம். வேலை போன, பட்டினி கிடந்த குடும்பங்கள் வடக்கே இறங்கத் தொடங்கின. தமிழருக்கு எதிரான 1977 ஓகஸ்ட் கலவரம் அந்த ஓடையை ஆறாக்கியது. 1981இலும் 83இலும் அடிபட்டவர்கள் மறுபடி வந்தார்கள்.

இவர்கள் எந்த வன்னியைக் கண்டார்கள்? தோட்டத்தில் இருந்து வந்த குடும்பத்துக்கு வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ எந்த விதானையாரையும் தெரியாது. அவர்களை அழைத்து வந்தது மூன்று வழிகள். ஒன்று, கூலிக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி மாதிரியான இடைத்தரகர். இரண்டு, முன்னால் வந்துவிட்ட உறவினர் அனுப்பிய கடிதம், "இங்க வந்தா வயித்துக்குக் கஞ்சியாச்சும் கெடைக்கும்" என்ற வாய்ச் செய்தி. மூன்று, காந்தீயம். வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் 1970களில் வவுனியாவை மையமாக வைத்து நடத்திய அந்த இயக்கம், கலவரத்தில் ஓடி வந்த குடும்பங்களைத் தமிழ், சிங்களப் பகுதிகளின் எல்லைப்புறக் காணிகளில் குடியமர்த்தியது, கிணறு வெட்டிக் கொடுத்தது, பாலர் பள்ளிகள் நடத்தியது. இருவரும் 1983இல் கைதானார்கள். இராஜசுந்தரம் அதே ஆண்டு ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். வவுனியாவில் அவரைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் வயதானவர்களின் குரல் தழுதழுக்கும்.

ஆக, மலையகக் குடும்பத்தின் அயலைத் தீர்மானித்தது, யார் அவர்களைக் கூட்டி வந்தார்கள் என்பதே. கங்காணி கொண்டுவந்தால் முதலாளியின் தோட்டத்து மூலையில் கொட்டில். உறவினர் கொண்டுவந்தால் கிளிநொச்சியில் தருமபுரம், மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற இடங்களில் காடு வெட்டிய ஒரு துண்டு. காந்தீயம் கொண்டுவந்தால் எல்லையோரம். எல்லையோரம் என்றால் என்ன விலை என்பது 1984இல் தெரிந்தது. மணலாற்றுப் பக்கத்தில் கென்ட் பண்ணை, டொலர் பண்ணை ஆகியவற்றில் இருந்த மலையகக் குடும்பங்கள் விரட்டப்பட்டு, அங்கே சிங்களக் கைதிகளும் அவர்களுடைய குடும்பங்களும் கொண்டுவந்து குடியேற்றப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் 30இல் விடுதலைப் புலிகள் அந்த இரண்டு பண்ணைகளையும் தாக்கி அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள். ஒரே நிலத்தில் அடுத்தடுத்துக் கொண்டுவந்து வைக்கப்பட்ட இரண்டு ஏழைக் கூட்டமும் அந்த இடத்தைத் தாமாகத் தேடி வந்தவர்கள் அல்லர். இரண்டு கூட்டமும் அழிந்தன அல்லது சிதறின.

இப்போது பெர்மிற்றுக்கு வருகிறேன். கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பெர்மிற் பெற இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். நாடற்றவருக்குக் காணிக் கச்சேரியில் கதிரை இல்லை. அதனால் காடு வெட்டி, கல் பொறுக்கி, கிணறு தோண்டி, பத்து வருஷம் பயிர் செய்த மனிதனும் கடதாசியில் அத்துமீறிக் குடியிருப்பவன்தான். பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டத்தில் பெருமளவு தீர்ந்தது 2003இல். அதற்குள் எத்தனை இடப்பெயர்வு! போர் முடிந்த பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வடக்குக்கும் கிழக்குக்கும் வந்தபோது, ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், காணிக்கு ஆவணம் கேட்டார்கள். ஆவணம் இருந்தவருக்குக் கல்வீடு. இல்லாதவருக்கு அலைச்சல். முதல் தலைமுறையில் பிரஜாவுரிமை இல்லை என்பதால் நேர்ந்த குறை மூன்றாம் தலைமுறையின் வீட்டுக் கூரையில் தெரிகிறது. இன்றைக்கும் அவர்கள் அதே அயலில் இருப்பதைப் பார்த்து "அவர்கள் தங்கட ஆட்களோடு இருக்கத்தான் விரும்புவார்கள்" என்று சொல்வோரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வேறெங்கும் போவதற்கு, இருக்கும் காணியை விற்க ஓர் உறுதிப் பத்திரம் வேண்டாமா?

புள்ளிவிபரம் எடுக்கும்போது இன்னொரு விஷயத்தில் கவனமாக இருங்கள். 1981 குடிசன மதிப்பீட்டில் வவுனியா மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தியத் தமிழர் (மலையகத் தமிழருக்கு மதிப்பீட்டில் உள்ள பெயர்) என்று பதியப்பட்டார். 2012இல் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இந்தியாவுக்குப் போனவர்கள் உண்டு, செத்தவர்கள் உண்டு. ஆனால் பெரும் பகுதி, இங்கேயே இருந்துகொண்டு இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டதால் மறைந்த எண்ணிக்கை. பள்ளிக்கூடத்தில், சம்பந்தம் பேசும்போது, வீடு வாடகைக்குக் கேட்கும்போது பட்ட அவமானம், படிவத்தில் இனம் கேட்கும் கட்டத்தில் பேனை வைக்கும் கையை நகர்த்தியிருக்கிறது. ஆகவே மாவட்டப் புள்ளிவிபரத்தை வைத்து மட்டும் வரைபடம் கீறினால் ஒரு சமூகமே காணாமல் போய்விடும்.

முஸ்லிம்கள் விஷயத்துக்கு வருவோம். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் இருந்து முஸ்லிம்கள் முழுப்பேரும் வெளியேற்றப்பட்டார்கள். எழுபத்தையாயிரம் பேரளவில். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஊர்க்காரர்களும் மன்னாரில் முசலி மக்களும் அதில் அடங்குவர். கையில் எடுத்துப்போக விட்டது மிகக் கொஞ்சம். பெரும்பாலோர் புத்தளத்தில் போய் இறங்கினார்கள். தமிழர்கள் நாங்கள் இதைப் பற்றிப் பேசாமல் அயலைப் பற்றிப் பேச உரிமை இல்லாதவர்கள்.

புத்தளத்தில் அவர்கள் எப்படிக் குடியமர்ந்தார்கள் என்பதும் உங்கள் கேள்விக்குள்தான் வருகிறது. ஒரு ஊர் ஆட்கள் ஒரு தென்னந்தோட்டத்தில் ஒன்றாக இருந்தார்கள், தங்கள் பள்ளிவாசல் ஊர்க்கூட்டான ஜமாஅத்தைக் கலைக்காமல். போர் முடிந்து திரும்பிப் போகலாம் என்றபோது இருபது வருஷம் கடந்திருந்தது. போகும்போது ஒரு குடும்பமாக இருந்தது, திரும்பும்போது மூன்று நான்கு குடும்பம். பெர்மிற் காணியை நினைத்தபடி துண்டாட முடியாது. மகளுக்கு வளவு கொடுத்துக் கட்டிக்கொடுக்கும் வழக்கமும் வடக்கில் எல்லோருக்கும் உள்ளதுதான். ஆக, புதுக் காணி வேண்டும். பழைய வளவோ காடாகிக் கிடக்கிறது. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கம் காட்டுத் திணைக்களம் ஒதுக்குக்காடு என்று வர்த்தமானியில் போட்டது. அதற்குப் பிறகு, திரும்பி வந்தவன் வீடு கட்டியதே காடழிப்பு என்று கொழும்பில் பெரிய கூச்சல். முல்லைத்தீவிலும் முஸ்லிம்களுக்குக் காணி கொடுக்கக் காடு வெட்டுகிறார்கள் என்று தமிழர் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. காட்டைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அதே காலத்தில் காடு வெட்டிய எல்லோரிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டதா என்று பாருங்கள்.

வவுனியா நகரில் முஸ்லிம்கள் பட்டாணிச்சூர்ப் பக்கம் நெருங்கி இருப்பதன் காரணம் வெளிப்படை. பள்ளிவாசலுக்கு நடந்து போக வேண்டும், பிள்ளைகளுக்கு முஸ்லிம் பாடசாலை வேண்டும், அடக்கம் செய்யும் மையவாடி கிட்ட இருக்க வேண்டும். இதை விருப்பம் என்று சொல்லலாம். ஆனால் 1990ஐக் கண்ட தலைமுறைக்கு அயலில் தன் ஆட்கள் இருப்பது பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்புத் தேவையை உண்டாக்கியவர்கள் பிறகு வந்து "ஏன் ஒதுங்கி இருக்கிறீர்கள்" என்று கேட்பது சரியாகாது.

முல்லைத்தீவின் தெற்கே உள்ள மணலாற்றைச் சொல்லாமல் வன்னியின் இன வரைபடம் நிறைவாகாது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ்க் கிராமங்கள் துடைத்தெடுக்கப்பட்டன. 1988இல் மணலாறு வெலிஓயா ஆனது. மகாவலித் திட்டத்தின் எல் வலயம் என்ற பெயரில் தெற்கில் இருந்து சிங்களக் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. போருக்குப் பிறகு அந்தப் பகுதி முல்லைத்தீவு மாவட்டத்துக்குள் ஒரு பிரதேச செயலகப் பிரிவாக வந்து நிற்கிறது. தமிழ்க் கிராமத்தவர்கள் கால் நூற்றாண்டுக்குப் பிறகு திரும்பி வந்தபோது அவர்களுடைய வயல்களில் வேறு ஆட்கள் பெர்மிற்றோடு விதைத்துக்கொண்டிருந்தார்கள். இதை ஒரு அநீதி என்று தயங்காமல் எழுதுங்கள். அதே சமயம், அங்கே கொண்டுவரப்பட்ட சிங்கள விவசாயியிடமும் போய், "இந்த இடத்தைப் பற்றி முதலில் யார் சொன்னது?" என்று கேளுங்கள். அவருடைய ஊரில் காணி இல்லை, திட்டத்தில் காணி தருவதாகச் சொன்னார்கள், வந்தோம் என்பார். துப்பாக்கி வைத்திருந்த முகாம்களுக்கு நடுவே பிள்ளை வளர்த்தவர்கள் அவர்கள். திட்டம் போட்டவன் அங்கே குடியிருக்கவில்லை.

மூன்று இனமும் அருகருகே கிடக்கும் இடம் பார்க்க விரும்பினால் செட்டிகுளம் பிரிவுக்குப் போங்கள். பாவற்குளத்தின் கீழே தமிழ் யூனிற்றுகள், கிட்டவே முஸ்லிம் ஊரான ஆண்டியாபுளியங்குளம், சிங்கள ஊரான உளுக்குளம். ஒரே தண்ணீர், வேறு வேறு பாடசாலை. வயலில் வரம்பு ஒன்று என்பதால் ஆண்களுக்குத் தமிழ், சிங்களம் இரண்டு பாஷையும் கொஞ்சம் கொஞ்சம் ஓடும். பிள்ளைகளுக்கு அது குறைவு என்பதைக் கவனித்திருக்கிறேன். பாடசாலை மொழி பிரித்துவிடுகிறது.

முகாம்களும் அயல் ஆகியிருக்கின்றன. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 90களில் இந்தியாவில் இருந்து திரும்பியவர்களையும் வடக்கே இருந்து வந்தவர்களையும் சிதம்பரபுரம், பூந்தோட்டம் முகாம்களில் வைத்தார்கள். அப்போது வவுனியாவில் பாஸ் நடைமுறை, நகரில் தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். நகரில் பொறுப்பு நிற்க ஒரு உறவினர் உள்ளவர் அவருடைய ஒழுங்கையில் அறை எடுத்துக்கொண்டார். யாருமில்லாதவர் முகாமில் கிடந்தார். யாருமில்லாதவர்களுள் பலர் மலையக வழியினர், திரும்பிப் போகச் சொந்தக் காணி இல்லாதவர்கள். வருஷங்கள் போக, தறப்பாள் தகரமாகி, தகரம் கல்லாகி, முகாம் கிராமமாயிற்று. 2009இல் போர் முடிந்தபோது செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரில் பெரும்பாலோர் சொந்த இடம் போனார்கள். 2012 செப்டம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. ஆனால் அந்த மாதங்களில் பக்கத்துக் கூடாரத்தில் கிடைத்த சிநேகிதத்தாலும் சம்பந்தத்தாலும் புது ஊருக்குப் போன குடும்பங்களும் உண்டு. அந்தக் கதைகளை யாராவது சேகரிக்க வேண்டும்.

இனி இன்றைய வவுனியா நகரம். இங்கேதான் தெரிவு என்ற சொல்லுக்குக் கொஞ்சம் உயிர் இருக்கிறது. அரச உத்தியோகத்தர், வெளிநாட்டுக் காசு வரும் குடும்பம், படிக்க வரும் பிள்ளைகள் எல்லோரும் வாடகை வீடோ காணியோ தேடுகிறார்கள். குருமன்காடு, வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம் என்று கேட்பார்கள். பெரிய இழுப்பு பாடசாலை. முதலாம் ஆண்டு அனுமதியில் அரைவாசி இடம் அருகில் வசிப்பவர்களுக்கு. வாக்காளர் இடாப்பில் பெயர் அந்த முகவரியில் இருக்க வேண்டும் என்பதால் பிள்ளை தவழும்போதே வீடு மாறுகிறவர்கள் உண்டு.

ஆனால் வீடு வாடகைக்கு உண்டு என்று பலகை போட்டிருப்பது குறைவு. கடைக்காரர் சொல்வார், ஆட்டோக்காரர் சொல்வார், கூட வேலை செய்பவர் சொல்வார். வீட்டுக்காரர் முதலில் கேட்பது "சொந்த இடம் எது?" என்று. அதற்குப் பதில் சொன்ன நிமிஷமே இனம், மதம், பல வேளைகளில் சாதி எல்லாம் கணக்குப் பார்த்து முடிந்துவிடும். மலையகப் பெயருள்ள ஊரைச் சொன்னால், "வீடு கொடுத்தாச்சுப் பிள்ளை" என்பார்கள். முஸ்லிம் குடும்பத்துக்கு "நாங்கள் சைவம், மச்சம் சமைக்க ஏலாது" என்பார்கள். அதே வீட்டுக்காரரிடம் பக்கத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் மீன் பொரித்துக்கொண்டிருக்கும். இப்படி இரண்டு மூன்று வாசலில் திரும்பிய பிறகு அந்தக் குடும்பம் தங்கள் ஆட்களிடமே கேட்கும். அவர்கள் தங்கள் பக்கத்து வீட்டைக் காட்டுவார்கள். பிறகு நாங்கள் அதை விருப்பம் என்று எழுதிவிடுகிறோம்.

அரச காணியிலும் இதேதான். வவுனியா மாவட்டத்தில் நான்கு பிரதேச செயலகங்கள். வவுனியா தெற்கில் நிர்வாகம் சிங்களத்தில் நடக்கிறது, மற்றவற்றில் தமிழில். காணிக் கச்சேரி அறிவித்தல் எந்த மொழியில் எந்தக் கந்தோரில் ஒட்டப்படுகிறதோ அந்த மொழிக்காரருக்குத்தான் அந்தக் காணி இருப்பதே தெரியும். என்னுடைய வேலைக் காலத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அறிவித்தலை இரண்டு மொழியிலும் போடுங்கள், கோவிலிலும் பள்ளிவாசலிலும் விகாரையிலும் தேவாலயத்திலும் ஒட்டுங்கள். செலவு நாலு தாள். இன்னொன்று, நீண்டகாலம் குடியிருந்து பயிர் செய்யும் மலையகக் குடும்பங்களின் காணியை விசாரித்துப் பெர்மிற்றும், பிறகு காணியை அவர்களுக்கே உரிமையாக்கும் அளிப்பு உறுதியும் கொடுப்பது. சட்டத்தில் வழி இருக்கிறது, ஆள் வேண்டும், மனம் வேண்டும்.

உங்கள் ஆய்வுக்குச் சில உதவிக் குறிப்புகள் சொல்லி முடிக்கிறேன். வினாக்கொத்தில் "ஏன் இந்த இடத்தைத் தெரிவு செய்தீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் "அமைதியான இடம்" என்றுதான் எழுதுவார்கள். அதை விட்டுவிட்டு, "இந்தக் காணியைப் பற்றி முதன்முதல் உங்களுக்குச் சொன்னது யார்? அவர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேளுங்கள். "இங்கே வருமுன் வேறு எந்த இடங்களைப் போய்ப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பலர் பேசாமல் இருப்பார்கள். அதையும் பதிலாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1977, 1983, 1990, 1995, 2009 ஆகிய வருஷங்களில் குடும்பம் எங்கே இருந்தது என்று வரிசையாகக் கேட்டால் இடம் மாறிய பாதை தானாக வந்துவிடும். காணிக்கு உறுதியா, பெர்மிற்றா, ஒன்றுமில்லையா என்பதைத் தனியே கேளுங்கள். யாரிடமும் "நீங்கள் மலையகமா?" என்று முகத்துக்கு நேரே கேட்காதீர்கள். தாத்தா பாட்டி எங்கே பிறந்தார்கள் என்று கேட்டால், சொல்ல விருப்பமுள்ளவர் தாமே சொல்வார். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், ஏனென்றால் ஆண்கள் காணியைப் பற்றிச் சொல்வார்கள், அயலவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பெண்கள்தான் சொல்வார்கள். வெலிஓயாவுக்கும் மடுகந்தைக்கும் போகும்போது சிங்களம் தெரிந்த ஒரு தோழியைக் கூட்டிப் போங்கள், இரண்டையும் ஒரே வகைக்குள் போடாதீர்கள். காணிக் கந்தோர்ப் பதிவேடுகளைப் பார்க்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தனியாள் பெயர்களைத் தர மாட்டார்கள், எந்த ஆண்டில் எந்தக் கிராம அலுவலர் பிரிவில் எத்தனை பெர்மிற் என்ற தொகையைக் கேட்டு எழுதுங்கள்.